பம்பை மாற்றும் முன் ஆயிலைப் பாருங்கள்

திருவொற்றியூர், எண்ணூர், மணலி, மீஞ்சூர் என்று ஹைட்ராலிக் வேலைக்காக, அதாவது ஆயில் அழுத்தத்தில் ஓடும் மெஷின்களைப் பார்ப்பதற்காகச் சுற்றுகிறவன் நான். இந்த வட்டாரத்தில் ஓடும் பிரஸ், ஸ்கிராப் அமுக்கும் பேலிங் மெஷின், கன்டெய்னர் யார்டு ஃபோர்க்லிஃப்ட், காசிமேட்டு விசைப்படகின் வின்ச் எல்லாவற்றுக்கும் பொதுவான எதிரி காற்றில்தான் இருக்கிறது. கிழக்கே கடல், அதன் உப்பு ஈரம். வடக்கே அனல் மின் நிலையச் சாம்பலும் காமராஜர் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரியும். நடுவில் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி. இவ்வளவும் கொஞ்சம் கொஞ்சமாக ஆயில் டேங்குக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அது போவது யார் கண்ணிலும் படுவதில்லை. பம்ப் போன பிறகுதான் எங்களைக் கூப்பிடுகிறார்கள்.

கூப்பிடும்போதும் "பம்ப் போச்சு, வேற மாத்தணும்" என்றுதான் சொல்வார்கள். ஏன் போனது என்று கேட்பவர்கள் குறைவு. தரமான பிஸ்டன் பம்ப் தானாகச் சாவது அரிது. நான் திறந்து பார்த்தவற்றில் பெரும்பாலானவை அழுக்கினாலோ, காற்றினாலோ, தண்ணீரினாலோ செத்தவை. அதனால் யார் கூப்பிட்டாலும் முதலில் டேங்குக்கு மேலே இருக்கும் மூடியைத்தான் பார்க்கிறேன். பம்ப் அப்புறம்.

திருவொற்றியூரில் ஒரு ஷெட்டில் 60 டன் பிரஸ் ஒன்று. ஒரு பம்ப் போய், புதுசு மாட்டி, அதுவும் சில மாதங்களில் சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. முதலாளிக்கு பம்ப் விற்றவர் மேல் கோபம். டூப்ளிகேட் கொடுத்துவிட்டார் என்று முடிவே கட்டியிருந்தார். நான் டேங்க் மேலே ஏறிப் பார்த்தால் பிரீதர், அதாவது டேங்க் மூச்சுவிடும் ஃபில்டர் மூடி, இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. யாரோ பனியன் துணியைச் சுருட்டி அடைத்து, கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். துணி கறுத்துப் போயிருந்தது. விரலால் தேய்த்தபோது நெருநெருத்தது.

அந்த ஓட்டை வழியாக என்ன போகும் என்று அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்த மெஷினின் ராடு (சிலிண்டரிலிருந்து நீண்டு வரும் தண்டு) 140 மி.மீ. விட்டம், ஸ்ட்ரோக் (அது நகரும் தூரம்) 500 மி.மீ. ராடு வெளியே வரும் ஒவ்வொரு முறையும் அதன் கன அளவுக்கு டேங்கில் ஆயில் மட்டம் இறங்கும். ஏழரை லிட்டருக்குச் சற்று அதிகம். அந்த இடத்தை நிரப்ப அதே அளவு காற்று வெளியிலிருந்து உள்ளே வந்தாக வேண்டும். நிமிடத்துக்கு இரண்டு ஸ்ட்ரோக் என்றால் எட்டு மணி நேர ஷிஃப்டில் 7,000 லிட்டருக்கும் மேல் காற்று. எண்ணூர் காற்று. அதில் இருக்கும் தூசி ஆயிலில் இறங்கிவிடும், காற்று மட்டும் வெளியே போகும். முதலாளி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மூடி என்ன விலை வரும்?" என்று கேட்டார். பம்ப் விலையோடு வைத்துப் பார்க்க வேண்டிய விலையே இல்லை அது.

அழுக்கு என்றால் கையில் தட்டுப்படும் மணல், இரும்புத்தூள் என்று நினைத்துக்கொள்கிறோம். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். வெறும் கண்ணுக்கு 40 மைக்ரானுக்குக் கீழே எதுவும் தெரியாது. பிஸ்டனுக்கும் அது ஓடும் துளைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியோ 5 முதல் 40 மைக்ரான். கியர் பம்பில் கியருக்கும் பக்கத் தட்டுக்கும் நடுவே 5 மைக்ரானுக்குள். ஆயில் ஓட்டத்தை நுணுக்கமாகக் கட்டுப்படுத்தும் சர்வோ வால்வின் ஸ்பூல் (உள்ளே நகரும் தண்டு) என்றால் 1 முதல் 4 மைக்ரான்தான். இடைவெளியைவிடப் பெரிய துகள் உள்ளே நுழைய முடியாது. மிகச் சிறியது தேய்க்காமல் கடந்து போய்விடும். இடைவெளிக்குச் சமமான அளவில் இருக்கும் துகள்தான் நடுவில் மாட்டி, இரண்டு பக்கமும் சுரண்டும். சுரண்டியதால் புதிதாக உலோகத்தூள் வரும், அது போய் அடுத்த இடத்தைச் சுரண்டும். கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து "ஆயில் பளபளன்னு இருக்கு சார்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. பம்பைக் கொல்லும் துகளில் பெரும்பகுதி அந்த டம்ளரிலும் இருக்கும், தெரியாது.

அந்த ஷெட்டின் ஃபோர்மேன் வயதில் எனக்கு இளையவர், வேலையில் கெட்டிக்காரர். "அண்ணே, நாங்க புது ஆயில்தானே ஊத்துறோம், சீல் உடைச்ச பேரல். அதுல எப்படி அழுக்கு இருக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்த நம்பிக்கைதான் நிறைய பம்புகளைச் சாகடிக்கிறது.

ஆயில் சுத்தத்தைச் சொல்ல ஐ.எஸ்.ஓ. 4406 என்று ஒரு குறியீடு உண்டு. மூன்று எண்கள் இருக்கும். ஒரு மில்லி ஆயிலில் 4 மைக்ரானும் அதற்கு மேலும் எத்தனை துகள், 6-க்கு மேல் எத்தனை, 14-க்கு மேல் எத்தனை என்பதை அந்த மூன்றும் சொல்லும். எண் ஒன்று கூடினால் துகள் இரண்டு மடங்கு என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் பம்புக்குப் பல தயாரிப்பாளர்கள் குறைந்தபட்சம் 20/18/15 கேட்கிறார்கள். அதாவது மில்லிக்கு 4 மைக்ரான் துகள் 10,000-க்குள் இருக்க வேண்டும். உயர் அழுத்தத்தில் ஓடுவதென்றால் 18/16/13 வைத்துக்கொள்வது நல்லது. அங்கே அதே துகள் 2,500-க்குள். பேரலில் வரும் புது ஆயிலோ பல சமயம் 21/19/16 அல்லது அதைவிட மோசமாக இருக்கும். நிரப்பும் குழாய், டேங்கர், பேரலின் உள்சுவர் என்று வழி நெடுக அது சேர்த்துக்கொண்டு வருகிறது. ஆயில் கம்பெனி ஏமாற்றுகிறது என்று அர்த்தமில்லை. அது மசகுக்குத் தயாராக வருகிறது, பம்புக்குள் போக நாம்தான் தயார் செய்ய வேண்டும். பழைய ஆட்கள் சிலர் இன்னும் நாஸ் 7, நாஸ் 8 என்று பழைய கணக்கில் பேசுவார்கள். தவறில்லை, லேப் ரிப்போர்ட்டில் இரண்டும் வரும்.

அப்புறம் அந்தப் பேரல் நின்ற இடம். ஷெட்டுக்கு வெளியே வானம் பார்த்து நின்றது, மேல் மூடியைச் சுற்றி மழைத்தண்ணீர் தேங்கி. பகலில் வெயிலில் பேரல் சூடாகி உள்ளே இருக்கும் காற்று விரியும், ராத்திரி குளிர்ந்து சுருங்கும். சுருங்கும்போது மூடியின் மரை வழியாக மேலே தேங்கிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுக்கும். சீல் உடைக்காத பேரலிலும் தண்ணீர் இருப்பது இதனால்தான். கூரைக்குக் கீழே வையுங்கள். இடமில்லையென்றால் படுக்கப் போட்டு, இரண்டு மூடிகளும் கடிகாரத்தின் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடத்தில் வரும்படி உருட்டி வையுங்கள். அப்போது உள்ளே ஆயில் மூடியைத் தொட்டு நிற்கும், காற்றும் தண்ணீரும் நுழையாது.

அந்தப் பேரலிலிருந்து வாளியில் பிடித்து, புனல் வைத்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வாளி அரைமணி முன்பு வேறு எதற்கோ பயன்பட்டிருக்கும். நான் எங்கே போனாலும் அடித்துச் சொல்வது இதுதான்: பேரலுக்கும் டேங்குக்கும் நடுவே ஒரு ஃபில்டர் டிராலி இருக்க வேண்டும். சின்ன கியர் பம்ப், 3 அல்லது 5 மைக்ரான் ஃபில்டர், இரண்டு ஹோஸ், குயிக் கப்ளர். சக்கரம் வைத்த வண்டி. ஒரு ஷெட்டில் ஐந்து மெஷின் இருந்தால் ஒரே டிராலி போதும், ஆயில் வகை மாறாமல் பார்த்துக்கொண்டால் சரி. புது ஆயில் ஏற்ற மட்டும் அல்ல, ஓடிக்கொண்டிருக்கும் மெஷினின் டேங்கிலேயே இதை மாட்டிச் சுற்றவிடலாம். டேங்க் அளவைப் போல ஏழு மடங்கு ஆயில் ஃபில்டரைக் கடந்தால் ஓரளவு சுத்தமாகும் என்பது நடைமுறைக் கணக்கு. 400 லிட்டர் டேங்க், நிமிடத்துக்கு 20 லிட்டர் தள்ளும் டிராலி என்றால் சுமார் இரண்டரை மணி நேரம். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் போட்டால் தேநீர் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஃபில்டர் வாங்குவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பாரிமுனையில் செம்புதாஸ் தெரு, லிங்கிச் செட்டித் தெரு கடைகளில் போய் "பத்து மைக்ரான் ரிட்டர்ன் லைன் எலிமென்ட்" (ஆயில் டேங்குக்குத் திரும்பும் குழாயில் உட்காரும் வடிகட்டி) என்று கேட்டால் பல விலையில் எடுத்துப் போடுவார்கள். அளவு ஒன்று, மரை ஒன்று, விலை மட்டும் வேறு. பீட்டா எவ்வளவு என்று கேளுங்கள். பீட்டா 2 என்றால் அந்த அளவுத் துகளில் பாதி மாட்டும், மீதிப் பாதி உள்ளே போய்விடும். பீட்டா 200 என்றால் 200-ல் ஒன்றுதான் தப்பும், அதாவது 99.5 சதவீதம் மாட்டும். இரண்டு பெட்டியிலும் 10 மைக்ரான் என்றே அச்சடித்திருக்கும். கடைக்காரருக்கே பீட்டா தெரியவில்லையென்றால் அந்த எலிமென்ட்டை நான் வாங்குவதில்லை. காகித எலிமென்ட்டைவிட கண்ணாடி இழை எலிமென்ட் இந்த வேலைக்கு நல்லது. ஈரம் பட்டால் காகிதம் ஊறித் தளர்ந்துவிடும், நம் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை.

ரிட்டர்ன் ஃபில்டரில் பைபாஸ் வால்வு இருப்பதை மறந்துவிடுகிறார்கள். எலிமென்ட் அடைத்து அழுத்த வித்தியாசம் ஏறினால், எலிமென்ட் கிழியாமல் இருக்க வால்வு திறந்துகொள்ளும். அதன் பிறகு ஆயில் வடிகட்டப்படாமலே டேங்குக்குப் போகும். மெஷின் வழக்கம்போல ஓடும், ஒரு மாற்றமும் தெரியாது. ஃபில்டர் அடைப்பைக் காட்டும் இண்டிகேட்டர் மட்டும் சிவப்பில் நிற்கும். அந்த பிரஸ்ஸில் சிவப்பில்தான் நின்றது, கண்ணாடி மேல் படிந்த கரியைத் துடைத்த பிறகுதான் தெரிந்தது. ஒன்று கவனியுங்கள். காலையில் ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது நல்ல ஃபில்டரும் சிவப்புக் காட்டும். ஆயில் சூடானதும் பாருங்கள், அப்போதும் சிவப்பென்றால் மாற்றுங்கள். மாதக்கணக்கில் இண்டிகேட்டர் அசையவே இல்லையென்றாலும் சந்தோஷப்பட வேண்டாம். பைபாஸ் திறந்தபடி மாட்டியிருக்கலாம், உள்ளே எலிமென்ட்டே இல்லாமல் இருக்கலாம். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது பம்ப் ஏன் அவ்வளவு சீக்கிரம் போனது என்பது டேங்க் மூடியைத் திறந்தபோது புரிந்தது. முதல் பம்ப் போனதும் டேங்கைச் சுத்தம் செய்திருக்கிறார்கள், அக்கறையோடுதான். ஆனால் காட்டன் வேஸ்ட் போட்டுத் துடைத்திருக்கிறார்கள். நூல் நூலாகப் பிரிந்து, பம்ப் ஆயிலை இழுக்கும் சக்‌ஷன் ஸ்ட்ரெய்னர் வலை மேல் ஒரு படலமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பம்ப் ஆயில் கிடைக்காமல் இழுத்து இழுத்துக் கரகரவென்று கத்தியிருக்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் பம்பைக் குறை சொல்லாதீர்கள், அதற்குப் பட்டினி. ஆயிலில் இருந்தே குமிழி கிளம்பி, அழுத்தப் பக்கம் போனதும் அமுங்கி நொறுங்கி உலோகத்தைப் பெயர்க்கும். இதனால்தான் சக்‌ஷன் பக்கம் நுணுக்கமான ஃபில்டர் போடுவதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. அங்கே 125 மைக்ரான் வலை போதும், நட்டு போல்ட் உள்ளே போகாமல் தடுப்பதற்குத்தான் அது. நுணுக்கமான வடிகட்டலை ரிட்டர்னிலும் டிராலியிலும் செய்துகொள்ளுங்கள். சக்‌ஷன் குழாயில் ஒரு வேக்குவம் கேஜ் மாட்டினால் ஸ்ட்ரெய்னர் அடைப்பது முன்கூட்டியே தெரியும். மைனஸ் 0.2 பார் தாண்டினால் நிறுத்திப் பாருங்கள்.

டேங்கை எப்படித் துடைப்பது? பஞ்சு, பனியன் துணி இரண்டும் வேண்டாம். பழைய ஃபிட்டர்கள் செய்வதுதான் இன்றும் சிறந்த வழி: மைதா மாவு. சப்பாத்திக்குப் பிசைவதைவிடக் கொஞ்சம் கெட்டியாக, கையில் ஒட்டாத பதத்தில் பிசைய வேண்டும். ஆயிலை முழுக்க வடித்து, அடியில் நிற்கும் சேற்றை வழித்தெடுத்த பிறகு, மாவு உருண்டையை டேங்க் தரையிலும் மூலைகளிலும் வெல்டிங் ஓரங்களிலும் அழுத்தி ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, ஒற்றுவதுதான். அந்த பிரஸ்ஸில் முதல் உருண்டை வெளியே வந்தபோது மேலெல்லாம் பொன் நிறத்தில் மினுமினுத்தது. பம்பின் பித்தளைத் தகட்டிலிருந்து வந்த தூள். ஃபோர்மேன் அதை வாங்கி விரலில் பிதுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். துடைத்துவிட்டோம் என்று நினைத்த டேங்கில் இவ்வளவு இருந்திருக்கிறது. உருண்டையை மாற்றி மாற்றி, கடைசியில் மாவு வெள்ளையாகவே வரும் வரை ஒற்றினோம். வேலை முடிந்ததும் மாவுத் துணுக்கு ஒன்றுகூட உள்ளே இல்லை என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

டேங்க் மட்டும் சுத்தமானால் போதாது. பம்ப் உடைந்து ஓடியிருந்தால் அந்தத் துண்டுகள் ஹோஸ், வால்வு பிளாக், சிலிண்டர், கூலர் எல்லா இடத்துக்கும் போயிருக்கும். இதில் மோசமானது கூலர். மெல்லிய குழாய்களுக்குள் தூள் ஒளிந்திருந்து, புது பம்ப் ஓட ஆரம்பித்ததும் மெல்ல மெல்ல வெளியே வரும். கூலரைக் கழற்றி எதிர்த் திசையில் ஃப்ளஷ் செய்யுங்கள். முடியாவிட்டால் மாற்றிவிடுங்கள். கேஸ் டிரெயின் லைனையும் (பம்பின் உடலுக்குள் கசியும் ஆயிலை டேங்குக்கு அனுப்பும் குழாய்) மறக்க வேண்டாம், செத்த பம்பின் குப்பை முதலில் இறங்குவது அதில்தான். புது ஹோஸ் அடித்து வாங்கும்போது வெட்டிய இடத்தில் ரப்பர்த் தூளும் கம்பித் தூளும் உள்ளே நிற்கும். ஹோஸ் கடையிலேயே ஸ்பாஞ்ச் குண்டு விட்டு ஊதித் தரச் சொல்லுங்கள், இரண்டு முனையிலும் மூடி போட்டு எடுத்து வாருங்கள். இன்னொன்று, டெஃப்லான் டேப். நைந்த துணுக்கு போய் வால்வு ஸ்பூலில் மாட்டும். இணைப்புகளுக்கு டௌட்டி வாஷர் (ரப்பர் வளையம் வைத்த உலோக வாஷர்) இருக்கும்போது டேப் எதற்கு?

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் வட சென்னையில் ஆயிலைப் பற்றிப் பேச முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் இந்தப் பக்கம் பல ஷெட்டுகளில் பவர்பேக் (மோட்டார், பம்ப், டேங்க் சேர்ந்த தொகுதி) முழுக்க மூழ்கியது. வெள்ளம் வடிந்ததும் அவசரத்தில் மோட்டாரை மட்டும் காயவைத்து ஓட்டிப் பார்க்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். மூழ்கிய டேங்கின் பிரீதர் வழியாகத் தண்ணீரும் சேறும் போயிருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். முழு ஆயிலும் வெளியே, மேலே சொன்ன அத்தனை சுத்தமும், அப்புறம்தான் சுவிட்ச்.

வெள்ளம் வராத நாளிலும் கடற்காற்றின் ஈரம் டேங்குக்குள் வந்து, ராத்திரி குளிரில் மேல்தகட்டில் வேர்த்துச் சொட்டும். ஆயில் வெளுத்து மங்கினால் தண்ணீர் ஏற்கெனவே எல்லை மீறிவிட்டது. சந்தேகம் இருந்தால் சோதிக்க எளிய வழி இருக்கிறது: இரும்புத் தகட்டை நன்றாகச் சூடாக்கி, ஒரு சொட்டு ஆயிலை விடுங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்தைத் தள்ளி வைத்துச் செய்யுங்கள். சாதாரண ஃபில்டர் தண்ணீரைத் தடுக்காது. காலையில் மோட்டார் போடுவதற்கு முன், ராத்திரி முழுக்க அடியில் இறங்கி நின்ற தண்ணீரை டிரெயின் வால்வைக் கொஞ்சம் திறந்து வடித்துவிடுவது நல்ல பழக்கம். சிலிக்கா ஜெல் வைத்த பிரீதர் மாட்டினால் தூசியும் நிற்கும், ஈரமும் நிற்கும். நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். கடலோரத்தில் அது வேகமாகவே மாறும். விலையைப் பார்த்துப் பின்வாங்குகிறவர்களிடம், பணம் கொஞ்சமாகத்தான் இருக்கிறது என்றால் முதலில் இந்த பிரீதரை வாங்குங்கள், அடுத்து டிராலி, மற்றதெல்லாம் பிறகு என்றுதான் சொல்கிறேன். உள்ளே வந்த அழுக்கை எடுப்பதைவிட வராமல் தடுப்பது எப்போதும் மலிவு.

உப்புக் காற்று சிலிண்டர் ராடையும் விடுவதில்லை. குரோம் மேல் சின்னச் சின்னப் புள்ளியாக அரிக்கும். அந்தப் புள்ளி ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும், ராடில் ஒட்டிய தூசியை வழிக்கும் வைப்பர் சீலைக் கிழிக்கும், கிழிந்த சீல் தூசியை உள்ளே விடும். வாரம் ஒருமுறை ராடை வெளிச்சத்தில் பாருங்கள். வேலை முடிந்ததும் ராடை உள்ளே இழுத்து நிறுத்துங்கள்.

கழற்றிய ஃபில்டரைக் குப்பையில் போடாதீர்கள். கத்தியால் அறுத்து, எலிமென்ட் மடிப்பை விரித்துப் பாருங்கள். ஹாக்ஸா வேண்டாம், அதன் இரும்புத்தூளே குழப்பும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு: பேரிங், சிலிண்டர் பக்கம் சந்தேகப்படலாம். பொன் நிறம் என்றால் பம்புக்குள் இருக்கும் பிஸ்டன் ஷூ, வால்வு பிளேட். கறுப்பு ரப்பர் துணுக்கு சீல். நறநறவென்று மணல் என்றால் பிரீதர் அல்லது வைப்பர். லேபுக்கு ஆயில் அனுப்புவதாக இருந்தால் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது ரிட்டர்ன் லைனில், ஃபில்டருக்கு முன்னாலிருந்து எடுங்கள். முதலில் அரை லிட்டரை வடித்துவிட்டு, லேப் கொடுத்த பாட்டிலில் பிடியுங்கள். டேங்கின் அடியிலிருந்து எடுத்த ஆயில் அடியில் என்ன கிடக்கிறது என்பதைத்தான் சொல்லும்.

புது பம்ப் மாட்டும்போது போர்ட் பிளக்கை (குழாய் மாட்டும் துளையின் அடைப்பு) கடைசி நிமிடம் வரை கழற்ற வேண்டாம். பிஸ்டன் பம்ப் என்றால் கேஸுக்குள் வடிகட்டிய ஆயிலை நிரப்பிவிட்டுத்தான் மோட்டாரைத் தொட வேண்டும். சுழலும் திசையைப் பார்க்க சுவிட்சை ஒருமுறை தட்டி உடனே நிறுத்துங்கள், அவ்வளவுதான். வறண்ட பம்பை அரை நிமிடம் ஓட்டினாலே போதும், அதுவரை செய்த சுத்தமெல்லாம் வீண்.

ஓட ஆரம்பித்து ஆயில் சூடானதும், முழு அழுத்தத்தில் கேஸ் டிரெயின் லைனிலிருந்து நிமிடத்துக்கு எவ்வளவு ஆயில் வருகிறது என்று அளந்துகொள்ளுங்கள். கேன் ஒன்றும் கைக்கடிகாரமும் போதும். லைனை ஒருபோதும் அடைக்கக் கூடாது, ஷாஃப்ட் சீல் பிய்த்துக்கொண்டு போகும். பம்ப் தேயத் தேய இந்த அளவு ஏறும். பம்ப் தள்ளும் அளவில் பத்தில் ஒரு பங்கை நெருங்கினால் மாற்ற ஏற்பாடு செய்யலாம். அது திடீரென்று ஏறினால் பம்பைத் தொடுவதற்கு முன் பிரீதர், ஃபில்டர், ஆயில் மூன்றையும் பாருங்கள். இந்த எண்ணை புது பம்ப் மாட்டிய அன்றே எடுத்து, தேதியோடு பேனல் கதவின் உள்பக்கம் எழுதிவையுங்கள். முதல் எண் இல்லாவிட்டால் பிறகு எடுக்கும் எண்ணை ஒப்பிட எதுவும் இருக்காது.